நெட்டாண்டு வேண்டாம், ‘ஈரிலக்க ஆண்டு’ போதும்

அன்பு நண்பர்களுக்கு,

நாம் தமிழாக்கும் செயலியின் தேதி அமைப்பில் ஆண்டை 26 என்று காட்டுவதா, 2026 என்று காட்டுவதா எனக் கேட்கும் இடத்துக்குக் ‘குற்றாண்டு’, ‘நெட்டாண்டு’ என்ற இணை முன்மொழியப்பட்டிருக்கிறது. குறில், நெடில் போலக் காதுக்கு இதமாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெட்டாண்டு நம்மிடம் ஏற்கெனவே புழங்கும் சொல். 366 நாள் கொண்ட லீப் ஆண்டுக்கு அதைத்தான் எழுதுகிறோம். ஒரே நாட்காட்டிச் செயலியில் இரண்டு பொருளும் வந்தால் பயனர் திண்டாடிப்போவார். குற்றாண்டில் முதலில் கண்ணில் படுவது குற்றம்! அதோடு, இங்கே குறைவது ஆண்டின் நாள்கள் அல்ல, எழுதும் இலக்கங்கள். சொல் அதைக் காட்ட வேண்டும்.

ஆகவே ‘ஈரிலக்க ஆண்டு’, ‘நான்கிலக்க ஆண்டு’. இடம் போதவில்லையென்று ‘ஈராண்டு’ எனச் சுருக்கிவிட வேண்டாம், அது இரண்டு வருடம் ஆகிவிடும். ‘ஈரிலக்கம்’ என்று மட்டும் போட்டுப் பக்கத்தில் 26 என மாதிரி காட்டினால் போதும்.

எனக்குப் பெரிய கவலை அடுத்த சொல்லில்தான். ஈரிலக்கமாக உள்ளிட்ட ஆண்டு எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணினி ஒரு கோடு கிழித்து முடிவுசெய்கிறது. பாசிக்ஸ் (இயங்குதளங்களுக்கான பொதுத் தரம்) சொல்வதன்படி 69 முதல் 99 வரை 1900களில் சேரும், 00 முதல் 68 வரை 2000களில் சேரும். பிறந்த தேதியை 12-05-69 என்று உள்ளிட்டவருக்கு 1969 சரியாக வரும். அவருக்கு ஒரு வயது மூத்தவர் 12-05-68 என்று உள்ளிட்டால் 2068 ஆகிவிடும், வயது எதிர்மறையில் போய் நிற்கும். விண்டோஸில் இந்தக் கோட்டைப் பயனரே மாற்றலாம் என்பதால் அதற்கு ஒரு பெயர் கட்டாயம் வேண்டும். ‘திருப்புமுனை ஆண்டு’ வரலாற்றுப் பாடத்துச் சொல்லாக ஒலிக்கிறது. ‘வெட்டாண்டு’ சுருக்கமானது, ஆனால் எதை வெட்டுகிறது என்று தெரியவில்லை. ‘எல்லை ஆண்டு’ என்பது என் முன்மொழிவு. “எல்லை ஆண்டு: 2068” என்று திரையில் பார்த்தால் அதுவரைதான் இந்த நூற்றாண்டு என்பது விளக்கமில்லாமலே பிடிபடும்.

இன்னொன்று. தேதியை எப்படிக் காட்ட வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் எழுத்துக் கோவைதான் வடிவச் சரம். யூனிகோடு முறை வடிவச் சரத்தில் சிறிய ஒய் (y) நாட்காட்டி ஆண்டு, பெரிய ஒய் (Y) வாரக் கணக்கின்படியான ஆண்டு. 2025 டிசம்பர் 29 திங்கள்கிழமை. தேதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601 கணக்கில் அது 2026-இன் முதல் வாரம். பெரிய ஒய் போட்டவர் திரையில் 29-12-2026 என்று ஓராண்டு தள்ளி வந்து நிற்கும். இதற்கு ‘வார ஆண்டு’ என்று எழுதியிருக்கிறேன். ‘வாரவழி ஆண்டு’ தெளிவாக இருக்குமா? மொழிபெயர்ப்புக் கோப்பைப் பூட்டுவதற்குள் சொல்லுங்கள்.