‘ஒரே வரியில் சரிசெய்தேன்’ என்று சொல்லிக்கொள்பவரின் கவனத்திற்கு

பாலாற்று மணல்:
சென்ற ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் நடந்த கூடுகையில், நமது வட்டார வரலாற்று விக்கியின் அகரவரிசைக் கோளாறு பற்றிப் பேசிய அன்பர் ஒருவர், “ஐந்து ஆண்டுகளாக யாரும் தொடாத வழுவை நான் ஒரே வரியில் சரிசெய்தேன்” என்று அறிவித்துக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார். சபையில் ஒருவரை மறித்துப் பேசுவது என் வழக்கமன்று. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

கோளாறு இதுதான். ஊர்ப் பக்கங்களைத் தொகுத்துப் பட்டியலிடும் பகுப்பைத் திறந்தால் ஆம்பூர், ஆரணி, ஆற்காடு, ஆலங்காயம் என்ற வரிசையில் பக்கங்கள் நின்றன. நெடுங்கணக்கில் லகரத்துக்குப் பின்புதான் றகரம் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கணினிக்காக ஒவ்வோர் எழுத்துக்கும் எண் தரும் யூனிகோடு அட்டவணையில் ர, ற, ல, ள, ழ, வ என்று எண்கள் தரப்பட்டிருக்கின்றன. வேறு கட்டளை இல்லாதபோது நம் விக்கியை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கி அந்த எண்களைக் கொண்டே பகுப்பை வரிசைப்படுத்துகிறது. மெய்யெழுத்தின் பாடு இன்னும் பரிதாபம். புள்ளிக்குரிய எண் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருப்பதால், முன்னே வர வேண்டிய ‘க்’ கடைசியில் போய் நிற்கிறது.

இதற்கு மருந்தாகத் தமிழுக்கென ஒரு வரிசைமுறை அந்த மென்பொருளிலேயே பல ஆண்டுகளாக இருக்கிறது. அன்பர் செய்ததெல்லாம் லோக்கல்செட்டிங்ஸ் என்னும் அமைப்புக் கோப்பில் அதன் பெயரை எழுதியதுதான். அது வேலை செய்யத் தேவையான, மீடியாவிக்கி எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் இன்ட்ல் நீட்சியைச் சர்வரில் நிறுவியது யார்? வரிசையைப் புதுப்பிக்கும் அப்டேட்கொலேஷன் நிரலை ஓட்டி, தரவுத்தளத்தில் ஒவ்வொரு பகுப்பு இணைப்புக்கும் பதிவாகியிருந்த, பக்கத்தின் இடத்தைத் தீர்மானிக்கும் பழைய வரிசைச் சாவியை மாற்றியது யார்? அதற்கு முந்தைய இரவு தரவுத்தளம் முழுவதையும் படியெடுத்து வைத்தது யார்? அடியேன்தான். ஒரே வரியாம்!

சத்துவாச்சாரிக்காரன்:
ஐயா, பெயரைச் சொல்லாமல் ‘அன்பர்’ என்று சுற்றி வளைக்க வேண்டாம், அது நான்தான். கோப்பின் மாற்ற வரலாறு எல்லோரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. சேர்ந்தது ஒரு வரி, நீங்கியது எதுவுமில்லை. நீட்சி நிறுவுவதும் படியெடுப்பதும் சர்வர் வேலை. அதை நான் மறுக்கவுமில்லை. ஆனால் விறகு எடுத்துப் போட்டவர், முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு வைத்ததும் தாமே என்று சொல்வதைத்தான் இப்போது கேட்கிறேன். ஐந்து ஆண்டுகள் சர்வரின் சாவி உங்கள் இடுப்பில்தானே இருந்தது?

குடியாத்தம் புலவர்:
இருவருக்கும் வணக்கம். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். இலக்கணத்தில் வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்று உண்டு. பிழையே ஆனாலும் காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. யூனிகோடு எண்ணின்படி வரிசைப்படுத்துவது மென்பொருளை எழுதியவர்களின் தவறா, எல்லா மொழிக்கும் பொதுவாக அவர்கள் வைத்த ஏற்பாடா? முதலில் எது வழு என்று முடிவு செய்துகொண்டால், அதைத் திருத்தியவர் யார் என்பது தானே விளங்கும் அல்லவா?

பாலாற்று மணல்:
புலவரையா, உங்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் இங்கே கேள்வி அதுவன்று. கேள்வி ஒரே வரியா, இல்லையா என்பதே. ஒரு கூடுகையில் முப்பது இளைஞர்கள் உட்கார்ந்திருக்கும்போது ‘ஒரே வரி’ என்று சொன்னால், கட்டற்ற மென்பொருளைப் பராமரிப்பது பொழுதுபோக்கு என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மீடியாவிக்கியின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டுகள்தாம் ஆயுள். 1.35ஐ விட்டு 1.39க்குப் போனோம், பிறகு 1.43 வந்தபோது குறைந்தது பிஎச்பி 8.1 வேண்டும் என்றாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் எந்த நீட்சி இறந்தது, எது பிழைத்தது என்று விடிய விடியப் பார்த்தவன் நான். வேலூர் வெயிலில் மின்விசிறியும் ஓடாத இரவுகள் அவை. அதற்குக் கைதட்டல் இல்லை.

சத்துவாச்சாரிக்காரன்:
வேலூர் வெயிலைப் பற்றி எனக்கும் தெரியும், ஐயா. நான் ஊட்டியில் குடியிருக்கவில்லை. பதிப்பு மேம்படுத்தல் பற்றி நீங்களே தொடங்கியதால் சொல்கிறேன். முன்பு இதே வரிசைக் கோளாற்றுக்காக நீங்கள் மைய நிரலின் கோப்பிலேயே நேரடியாகக் கைவைத்து எழுத்துப் பட்டியல் ஒன்றைத் திணித்தீர்கள். 1.39க்கு மாறியபோது புதிய கோப்பு அதன்மேல் விழுந்து எல்லாம் அழிந்தது. மைய நிரலைத் தொடக்கூடாது, அமைப்புக் கோப்பிலோ நீட்சியிலோதான் மாற்றம் செய்ய வேண்டும் என்பது இந்தத் துறையின் அரிச்சுவடி. உங்கள் திருத்தம் எத்தனை வரி என்று சபைக்குச் சொல்லலாமே.

பாலாற்று மணல்:
நூற்று எழுபது வரி. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அன்றைக்குச் சர்வரில் இன்ட்ல் நீட்சியை நிறுவ நமக்கு உரிமை கிடையாது. வாடகைக்கு விட்டிருந்தவர் மறுத்துவிட்டார். மருந்து கிடைக்காத ஊரில் கை வைத்தியம்தான் செய்ய முடியும். அந்த நூற்று எழுபது வரிகளும் மூன்று ஆண்டுகள் உழைத்தன. உங்கள் ஒரே வரிக்கு இன்னும் ஆறு மாதம் நிறையவில்லை.

ஆம்பூர்க்காரி:
வரிகளை எண்ணிக்கொண்டிருக்கும் இருவரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். மீடியாவிக்கிக்கு யாரும் திருத்தம் அனுப்பலாம். வழு அறிக்கைகள் 2014 முதல் ஃபேப்ரிகேட்டர் என்ற தளத்தில் சேர்கின்றன. நிரல் மாற்றங்களைக் கெரிட் என்ற தளத்தில் மற்றவர்கள் படித்துப் பார்த்து, உரிமையுள்ளவர் ஒப்புதல் கொடுத்த பிறகே அவை சேர்க்கப்படும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு நீட்சிக்கு நான் எழுதிய திருத்தம் மூன்று வரி. அதற்கான சோதனை நாற்பது வரி. அதைப் பராமரிப்பவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட காலம் பதினான்கு மாதம். இவ்வளவுக்கும் நம் குழுவில் ஒருவராவது அந்தப் பக்கம் போய் ‘இந்தக் கோளாறு எங்களுக்கும் இருக்கிறது’ என்று ஒரு குறிப்பு எழுதினீர்களா? அன்று நான் உதவி கேட்டபோது, ‘அம்மா, எனக்குச் சர்வர் வேலை இருக்கிறது’ என்றார் ஒருவர். மற்றவர் கட்டைவிரலைக் காட்டினார். யார் யார் என்று நான் சொல்லவில்லை.

குடியாத்தம் புலவர்:
என் கேள்வி அப்படியே நிற்கிறது. போகட்டும். இந்தத் தொல்லைக்கெல்லாம் மூலம் ‘ஆற்காடு’ என்ற எழுத்துமுறைதான் என்று தோன்றுகிறது. ஆர் என்றால் ஆத்தி. ஆத்திக்காடு என்பதே பொருள். ஆகவே ‘ஆர்க்காடு’ என்றே எழுத வேண்டும். அப்படி எழுதினால் ரகர மெய் முன்னதாகவே வந்துவிடும். ஆரணிக்கும் முன்னால் அது அமைதியாக உட்கார்ந்துகொள்ளும்.

கொணவட்டத்தான்:
ஆறு காடுகள் இருந்த ஊர் என்பதால் ‘ஆற்காடு’ என்று எங்கள் தாத்தா சொல்வார். அது கிடக்கட்டும், ஆரணி ஏன் இந்தப் பகுப்பில் இருக்கிறது? 1989இல் வட ஆர்க்காடு மாவட்டம் பிரிந்தபோதே அது திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது. 2019இல் வேலூரையும் மூன்றாக்கிவிட்டார்கள். ஆற்காடு இராணிப்பேட்டைக்கும், ஆம்பூரும் ஆலங்காயமும் திருப்பத்தூருக்கும் போய்விட்டன. நீங்கள் வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும் நான்கு ஊர்களில் ஒன்றுகூட இன்றைய வேலூர் மாவட்டத்தில் இல்லை.

பாலாற்று மணல்:
பகுப்பின் தலைப்பு ‘பழைய வட ஆர்க்காடு மாவட்டத்து ஊர்கள்’ என்பது. திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். புலவரையா, ஊரின் பெயரை மாற்றி மென்பொருளைச் சரிசெய்யும் வழியை நான் இன்றுதான் கேள்விப்படுகிறேன். மேலும் நீங்கள் சொன்னபடி ‘ஆர்க்காடு’ என்று எழுதியிருந்தால், பழைய முறையில் அது ஆரணிக்குப் பின்னால்தான் போயிருக்கும். ஏனென்றால் புள்ளியின் எண் ணகரத்தின் எண்ணைவிடப் பெரியது. இதைத்தான் முதல் பதிவிலேயே விளக்கினேன். யாரும் படிப்பதில்லை, ‘ஒரே வரி’ என்பது மட்டும் எல்லோர் காதிலும் விழுகிறது.

சத்துவாச்சாரிக்காரன்:
இந்த இழையில் அந்தச் சொல்லை அதிகமாகச் சொன்னவர் நீங்கள்தான், ஐயா. நான் கூடுகையில் ஒருமுறை சொன்னேன்.

ஆம்பூர்க்காரி:
உங்கள் இருவர் சண்டையில் ஒரு செய்தி. நேற்று ‘அணைக்கட்டு’ என்ற பக்கத்தை உருவாக்கி அதே பகுப்பில் சேர்த்தேன். பட்டியலின் அடியில், வாலாஜாவுக்கும் கீழே போய் நிற்கிறது. சென்ற மாதம் சர்வரின் இயங்குதளத்தை யாரோ மேம்படுத்தியிருக்கிறீர்கள். அதோடு இன்ட்ல் நீட்சி வரிசைப்படுத்தப் பயன்படுத்தும் ஐசியு என்ற நிரல் நூலகத்தின் பதிப்பும் மாறியிருக்கிறது. பழைய பக்கங்களின் சாவிகள் பழைய பதிப்பில் செய்தவை, புதியவை புதிய பதிப்பில் செய்தவை. இரண்டும் ஒன்றோடொன்று ஒப்பிடத் தக்கவை அல்ல. அப்டேட்கொலேஷனை மறுபடியும் கட்டாயக் குறியோடு ஓட்ட வேண்டும். சும்மா ஓட்டினால், வரிசைமுறையின் பெயர் மாறவில்லை என்று பழைய பதிவுகளை அது தாண்டிப் போய்விடும். எனக்குச் சர்வர் உரிமை இல்லை. யாராவது ஓட்டுகிறீர்களா?

பாலாற்று மணல்:
இயங்குதளத்தை மேம்படுத்தியது நான்தான். பாதுகாப்புத் திருத்தங்களுக்காகச் செய்தேன், தவறென்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் இந்த அம்மையார் சொன்னதைச் சற்றுக் கவனியுங்கள். ஐசியு மாறும்போதெல்லாம் மறுபடி ஓட்ட வேண்டிய வேலையைத்தான் நம் அன்பர் ஒரே வரி என்று முழங்கினார். என் நூற்று எழுபது வரிகள் ஐசியுவை நம்பியிருக்கவில்லை. இப்போது உடைந்திருப்பது அவருடைய திருத்தம்; ஆகவே ஓட்ட வேண்டியவரும் அவரே. உரிமையை இன்றிரவே தருகிறேன், படியெடுத்துவிட்டுச் செய்யட்டும்.

சத்துவாச்சாரிக்காரன்:
கோப்பை இப்போதுதான் திறந்து பார்த்தேன். நான் எழுதிய வரி அப்படியே இருக்கிறது. அதில் எதுவும் உடையவில்லை. உடைந்தது நீங்கள் மாற்றிய நூலகத்தால். சர்வர் வேலை உங்களுடையது என்று முதல் பதிவில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

குடியாத்தம் புலவர்:
அப்படியானால் அணைக்கட்டு வாலாஜாவுக்குக் கீழே நிற்பது வழுவா, வழுவமைதியா?

பாலாற்று மணல்:
புலவரையா, தயவுசெய்து இடையில் புகாதீர்கள். கூடுகையில் அவர் சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது. பதினோராவது நிமிடத்தில் ‘ஒரே வரியில்’ என்று தெளிவாகக் கேட்கிறது. வேண்டுமானால் எழுத்துப்படி எடுத்து நாளை இங்கே இடுகிறேன்.