பழைய ஜாப் ஸ்பீட்வே எஞ்சின்: ஆயில் பம்ப் பற்றி உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தில் இருக்கிறேன். பழைய ஸ்பீட்வே (மண் தடத்தில் நடக்கும் பைக் பந்தயம்) பைக் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 500 சிசி ஜாப் (J.A.P. என்ற பிரிட்டிஷ் கம்பெனி) எஞ்சின், ஒரே கியர், பிரேக் கிடையாது (இந்தப் பந்தயத்தில் அப்படித்தான்!). 1960-களில் ஈசோ, ஜாவா என்ற செக் நாட்டு எஞ்சின்கள் வந்து ஓரங்கட்டும் வரை மண் தடத்தில் ஜாப் வைத்ததுதான் சட்டம்.

ஓடுவது மெத்தனாலில். ஆயில் டாங்கிக்குத் திரும்பாது, வேலை முடிந்ததும் வெளியே போய்விடும். பம்ப் குறைவாக விட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் பிளக் நனைந்துவிடும். சரியான அளவை எப்படி வைப்பது?

முன்பு மினரல் ஆயில் ஓட்டியிருக்கிறார்கள் போல. ஆமணக்கெண்ணெய்க்கு மாற, எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கழுவித்தான் ஆகவேண்டுமா? அப்புறம், பிரேம் ரோட்ராக்ஸ் (ஸ்பீட்வே பைக் பிராண்ட்) என்கிறார் விற்றவர். எனக்குச் சந்தேகம்தான். எதை வைத்து உறுதி செய்வது? கைப்பட வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள், படம் அனுப்புகிறேன்.