புதுப்பிப்பு: ஆல்ப்ஸ் செடிகளின் வரைபடம்

ஆல்ப்ஸுக்கே உரிய செடிகளின் இருப்பிடங்களை வரைபடத்தில் புள்ளியாக வைத்தபோது, அவை மலைத்தொடரின் நடுவை விட்டுத் தென்மேற்கு, தெற்கு, கிழக்கு ஓரங்களில் குவிவது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி கடைசிப் பனியுகத்தின் பனிப்பரப்பை மேலே போட்டுப் பார்த்தேன். அப்படியே பொருந்துகிறது! சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் நடுப்பகுதியைப் பனி மூடியிருந்தது. விளிம்புகளில் தப்பிப் பிழைத்தவற்றில் பல இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன.

அப்புறம் பாறை வகையையும் சேர்த்தேன். ஃபைசோப்ளெக்ஸிஸ் கோமோசா என்ற செடி தெற்கு ஆல்ப்ஸின் சுண்ணாம்புப் பாறை, அதைப் போன்ற டோலமைட் பாறை ஆகியவற்றின் இடுக்குகளை விட்டு நகர்வதில்லை. சாக்ஸிஃப்ராகா ஃப்ளோருலென்டா என்ற செடி நேர்மாறு. பிரான்ஸ்-இத்தாலி எல்லையில், கடலோர ஆல்ப்ஸின் சுண்ணாம்பில்லாத சிலிக்காப் பாறைச் செங்குத்துகள்தான் அதற்கு வீடு. பாறையோடு ஒட்டிய ஓர் இலைவட்டமாகவே பல ஆண்டுகள் இருந்துவிட்டு, ஒரே ஒரு முறை பூத்து மடிந்துவிடும். பூவை மட்டும் தேடிப் போகிறவர் கண்ணில் இது படவே படாது.

வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, செடி இருக்கும் கட்டத்துக்கு நிறம் தீட்டும் முறை இதற்குச் சரிவராது என்பது என் கருத்து. ஒரு பாறைமுகத்தில் இருக்கும் செடி, கட்டம் முழுக்கப் பரவியதுபோல் தெரிகிறது. அடுத்து உயரத்தையும் சரிவின் திசையையும் சேர்க்கப் போகிறேன்.