ரெண்டு கட்டத்தையும் ஒரே தாளில் போட்டால்: கடலூர், புதுவை அன்பர்களின் பகிர்வு

கல்யாணப் பொருத்தம் பார்க்க, பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று எழுதின சீட்டோடு வருகிறார்கள். ஆனால் பையன் கட்டத்துக் கிரகம் பெண் கட்டத்தை எப்படிப் பார்க்கிறது என்று யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். உங்கள் கைக்கு வரும் ஜாதகங்களில் இந்த இடத்தில் என்ன தட்டுப்படுகிறது, எங்கே கணக்கு பிசகுகிறது? எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், கட்டம் பேசட்டும்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து

பத்துப் பொருத்தமும் பிறந்த நட்சத்திரத்தை, அதாவது சந்திரனை மட்டுமே சுற்றி வருகிறது. மற்ற கிரகம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அது கேட்பதே இல்லை. அதனால் ஒரே கட்டம் போட்டு, பெண்ணுடையதைச் சிவப்பு மையிலும் பையனுடையதை நீல மையிலும் நிரப்புங்கள். கிரகம் ராசியில் நிற்கும் பாகையையும் (டிகிரி) பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பாகை இல்லாத கட்டத்தில் பாதி வேலைதான் நடக்கும்.

பார்வைக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். எல்லாக் கிரகத்துக்கும் 7. செவ்வாய்க்குக் கூடுதலாக 4, 8. குருவுக்கு 5, 9. சனிக்கு 3, 10. நின்ற வீட்டையே ஒன்று என்று எண்ண வேண்டும். அடுத்த வீட்டிலிருந்து எண்ணத் தொடங்கி, சனியின் மூன்றாம் பார்வையை நாலாம் வீட்டில் கொண்டு போய் வைத்த சீட்டுகள் ஏராளம்.

மாதிரிக்கு ஒரு ஜோடி. பெண் ஈஸ்வர வருடம் (1997) சித்திரை, அமாவாசைக்கு முந்தைய தேய்பிறை, பரணி 1-ம் பாதம். மேஷத்தில் சந்திரன் 15 பாகை, சூரியன் 22, சிம்மத்தில் செவ்வாய் 23, மகரத்தில் குரு. பையன் பவ வருடம் (1994) ஆனி, சுவாதி. துலாத்தில் குரு 11, சந்திரன் 13, ராகு 28. மேஷத்தில் செவ்வாய் 26, கேது 28. கும்பத்தில் சனி 18.

பையனுடைய சனி மூன்றாம் பார்வையால் பெண்ணின் சந்திரனைப் பார்க்கிறார். இதை மட்டும் பார்த்தவர் வேண்டாம் என்பார். பையனுடைய குரு ஏழாம் பார்வையால் அதே சந்திரனைப் பார்க்கிறார். இதை மட்டும் பார்த்தவர் ஜாம் ஜாம் என்று முடியுங்கள் என்பார். இரண்டு பேரும் அரைக் கட்டம்தான் பார்த்திருக்கிறார்கள்.

பாகையைத் தொட்டுப் பாருங்கள். சனியின் பார்வை மேஷம் 18-ல் விழுகிறது, சந்திரனுக்கு 3 பாகை தள்ளி. குருவின் பார்வை மேஷம் 11-ல், 4 பாகை தள்ளி. கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. ஆகவே நம் வழக்கில் இதற்குச் சொல்லும் பலன், பெண்ணுக்கு மனபாரம் உண்டு, ஆனால் அதைக் கேட்டுத் தீர்க்கிற ஆளும் அதே வீட்டில் உண்டு என்பது. பையனுடைய செவ்வாய் (மேஷம் 26) ஒரே ராசி என்றாலும் சந்திரனுக்கு 11 பாகை தூரம். அவர் நெருங்குவது பெண்ணின் சூரியனை. அங்கே கௌரவப் பிரச்சினை, யார் சொல் எடுபடும் என்கிற இழுபறி.

இந்த ஜோடியில் என் கண்ணை உறுத்துவது வேறு இடம். பெண்ணின் செவ்வாயும் (சிம்மம் 23) பையனுடைய சனியும் (கும்பம் 18) நேருக்கு நேர். பையனுடைய குரு ஐந்தாம் பார்வையால் கும்பத்தைப் பார்ப்பதால் சனிக்குக் கடிவாளம் இருக்கிறது. பெண்ணின் குருவோ மகரத்திலிருந்து ரிஷபம், கடகம், கன்னியைப் பார்க்கிறாரே தவிரச் சிம்மத்தைப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் அடங்கும், மறுபக்கம் அடங்காது. குடும்பத்தாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். தோஷம் என்ற வார்த்தையே தேவையில்லை.

முத்தியால்பேட்டையிலிருந்து

அண்ணே, கட்டம் சரி. ஒன்று விட்டுவிட்டீர்கள். துலாத்தில் குருவும் ராகுவும் சேர்ந்த உடனே செல்போன் ஆப் ‘குரு சண்டாள யோகம்’ (ராகு சேர்ந்து குருவைக் கெடுக்கும் அமைப்பு) என்று சிவப்பில் காட்டும், பெண் வீட்டார் அதைப் பார்த்துவிட்டுத்தான் நம்மிடம் வருவார்கள். இடைவெளி 17 பாகை. அவ்வளவு தூரத்தில் ராகு குருவைக் கெடுத்துவிட்டார் என்று நான் எழுத மாட்டேன்.

அடுத்து, பார்வை இருப்பது வேறு, அது பேசுவது வேறு. அந்தக் கிரகத்தின் தசை, அதாவது அது ஆளும் காலம், வந்தால்தான் வாய் திறக்கும். பரணி 15 பாகை என்றால் சுக்கிர தசை இருப்பு (பிறக்கும்போது மீதி இருந்தது) பதினேழரை வருடம், 2014 கடைசி வரை. பிறகு சூரியன் 6 வருடம், 2020 கடைசியிலிருந்து சந்திர தசை. பையனுக்குச் சுவாதி 13 பாகைக்கு ராகு இருப்பு ஏறத்தாழ ஒன்பதரை வருடம், பிறகு குரு 16, ஆக 2019 கடைசியிலிருந்து சனி தசை. இப்போது அவருக்குச் சனி, அவளுக்குச் சந்திரன். நீங்கள் சொன்ன அதே சனி, அதே சந்திரன்! 2030 கடைசி வரை இரண்டும் சேர்ந்தே ஓடும். இந்தப் பார்வையை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போக முடியாது. பையனுக்குக் குரு புத்தி (சனி தசைக்குள் வரும் குருவின் உட்காலம்) எப்போது என்பதையும் குறித்துக் கொடுக்க வேண்டும்.

தசா சந்தியும் (இருவருக்கும் தசை மாறும் நேரம் நெருங்கி வருவது) இங்கே ஒரு வருட இடைவெளியில்தான் விழுந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே கடந்துவிட்டதால் கவலை இல்லை.

நெல்லிக்குப்பத்திலிருந்து

சஷ்டாஷ்டகம் (ஒருவர் ராசிக்கு மற்றவர் ராசி ஆறாவதாகவோ எட்டாவதாகவோ வருவது) என்ற ஒரே காரணத்துக்காக நல்ல வரனைத் தள்ளுகிறார்கள். மேஷம்–விருச்சிகம் இரண்டுக்கும் செவ்வாயே அதிபதி, ரிஷபம்–துலாத்துக்குச் சுக்கிரன். 6–8 என்றாலும் விலக்கு உண்டு. ராசிகள் ஏழுக்கு ஏழு என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பதும் தவறு. கடகம்–மகரம், சிம்மம்–கும்பத்தை நம் பக்கத்துப் பெரியவர்கள் ஒதுக்கியே வைத்தார்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து

எல்லாம் பாகையில் நிற்கிறது என்றால் பாகை எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள் ஐயா. பாதிச் சண்டை அங்கேதான்.

கடலூரின் தீர்க்கரேகை ஏறத்தாழ 79 பாகை 45 கலை. இந்திய நேரம் 82 பாகை 30 கலைக்கு. வித்தியாசத்தை பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால் 11 நிமிடம், அவ்வளவு கழிக்க வேண்டும். புதுவைக்கும் ஏறத்தாழ அதேதான். கையால் போட்ட பழைய ஜாதகங்களில் இதைக் கழிக்காமல் விட்டிருப்பார்கள். ராசிக் கட்டம் பெரும்பாலும் மாறாது, ஆனால் நவாம்ச (ராசியை ஒன்பதாகப் பிரித்துப் போடும் கட்டம்) லக்னம் சுமார் 13 நிமிடத்துக்கு ஒருமுறை நகருகிறது. களத்திரத்தை, அதாவது வாழ்க்கைத் துணையை, பார்க்கிற கட்டமே அதுதானே.

இன்னொன்று வாக்கியப் பஞ்சாங்கமா (பழைய சூத்திரக் கணக்கு) திருக்கணிதமா (வானியல் கணக்கில் திருத்தியது) என்பது. சனி மீனத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29. திருநள்ளாறு வாக்கியப்படி நடப்பதால் அங்கே 2026 மார்ச். கிட்டத்தட்ட ஒரு வருடம்! இதேபோல 90-களிலும் பெயர்ச்சியை ஒட்டிப் பிறந்தவர்களுக்கு இரண்டு பஞ்சாங்கத்தில் சனி இரண்டு ராசியில் நிற்பார். மூன்று பார்வையும் மொத்தமாக இடம் மாறும். பையன் ஜாதகம் வாக்கியத்தில், பெண் ஜாதகம் திருக்கணிதத்தில் என்று வந்தால் அப்படியே ஒட்டிப் பார்க்காதீர்கள். ஏதாவது ஒன்றில் இரண்டையும் புதிதாகக் கணித்த பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும். திருவந்திபுரம் கோயிலில் முகூர்த்தத்துக்கு நாள் குறித்த பிறகு இது தெரிய வந்தால் இரண்டு குடும்பத்துக்கும் சங்கடம்.

புதுவையிலிருந்து

நம்மூருக்கே உரிய சிக்கல் ஒன்று. மாப்பிள்ளை பிரான்சில் பிறந்தவர், பெண் இங்கே. ஊர் பெயரை பாரிஸ் என்று போட்டுவிட்டு நேர மண்டலத்தை 5:30-லேயே விட்டுவிடுகிறார்கள். கிரீன்விச் நேரத்தோடு அங்கே குளிர்காலத்தில் 1 மணி, கோடையில் 2 மணிதான் கூட்ட வேண்டும். நாலரை மணி பிசகினால் லக்னம் எங்கோ போய்விடும். சந்திரன் இரண்டரை பாகை நகரும். சுக்கிர தசை இருப்பில் மூன்றரை வருடத்துக்கு மேல் தவறும். முத்தியால்பேட்டை அண்ணன் போட்ட தசைக் கணக்கு இந்த இடத்தில் அடியோடு கவிழும்.

கோடை நேரம் அங்கே 1976-லிருந்து இருக்கிறது. 1995 வரை செப்டம்பர் கடைசியோடு முடிந்தது, 1996 முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு. ஆகவே 1994 அக்டோபரில் பிறந்தவருக்கு 1 மணி, 1997 அக்டோபர் நடுவில் பிறந்தவருக்கு 2 மணி. பிறப்புச் சான்றின் முழு நகலில் மணி, நிமிடம் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டு முறையில் கணித்த கட்டம் கொண்டுவந்தால் அயனாம்சம் (இரண்டு முறையிலும் மேஷம் தொடங்கும் இடத்துக்குள்ள வித்தியாசம்) கழித்திருக்கிறதா என்றும் பாருங்கள். 24 பாகைக்கு அருகில் வித்தியாசம் வரும், மேஷச் சூரியன் ரிஷபத்தில் நிற்பார்.

இங்கே கேள்வி அனுப்புகிறவர்கள் ராசிக் கட்டத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம். பிறந்த ஊர், நேரம், எந்தப் பஞ்சாங்கம் என்று மூன்றையும் எழுதுங்கள். பெயரும் முகவரியும் தேவையில்லை.