சாகாது, ஆனா அடிபடும்: இதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. மன்னார்குடிப் பக்கத்து விவசாயிகளுக்காகப் பூச்சிமருந்து பற்றி ஒரு துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். 'சப்லீத்தல்' என்ற ஒரே சொல்லில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பொருள் இதுதான்: மருந்து பூச்சியைக் கொல்லாது, ஆனால் சும்மாவும் விடாது. இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்து கொஞ்சமாகப் பட்ட தேனீ உயிரோடுதான் இருக்கும், கூட்டுக்குத் திரும்பும் வழி தடுமாறும். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியின் கதை இன்னும் மோசம். சில மருந்துகள் சாகாத அளவில் பட்டால் அது முன்னைவிட அதிகமாக முட்டையிடும். அதைத் தின்னும் சிலந்தியோ அதே மருந்தில் செத்துப்போகும். சம்பாவில் மருந்தடித்த பிறகும் தூரடியில் புகையான் மொய்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

'உயிர்கொல்லா அளவு' என்று எழுதினேன். படித்தவர், "அப்ப ஆபத்து இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றார். சரி, போச்சு. 'குற்றுயிர்' என்றால் சாகக் கிடப்பது, முட்டையிடும் புகையானுக்கு அது எப்படிப் பொருந்தும்? 'ஊமைக்காயம்' எனக்குப் பிடித்திருக்கிறது, வெளியே தெரியாத உள்காயம். தேனீக்குச் சரி. ஆனால் 'ஊமைக்காய அளவு' என்று எழுதினால் சிரிப்பார்களோ?

வயலில் மருந்து பட்டுத் தள்ளாடும் தட்டானைப் பார்த்து உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்? அகராதிச் சொல் வேண்டாம், வாயில் புழங்குகிற சொல் இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கணும்.