அப்பாவுக்குக் கொலனோஸ்கோபி: முந்தின இரவுதான் பாதிப் பரிசோதனை

மலத்தோடு ரத்தம் போனால் மூலம்தான் என்று நம் ஊரில் முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்பாவும் மாதக்கணக்கில் துத்திக்கீரையை நெய்யில் வதக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ராயப்பேட்டையில் பார்த்த குடல் மருத்துவர், "மூலமாகவும் இருக்கலாம், உள்ளே பார்க்காமல் சொல்ல மாட்டேன் ஐயா" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. அப்படிப் பார்ப்பதுதான் கொலனோஸ்கோபி: ஆசனவாய் வழியாகக் கேமரா உள்ள வளையும் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை.

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம். அதில் மலம் ஒட்டியிருந்தால் கேமராவுக்குக் கட்டி தெரியாது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆகவே சில நாள் முன்பே கீரை, கொய்யா, விதையுள்ள காய்களை நிறுத்தினோம். இரும்புச்சத்து மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது.

முந்தின நாள் பால் கிடையாது. அப்பாவுக்குக் காபி இல்லாததுதான் பெரிய துன்பம். இளநீரும் வடிகட்டிய ஆப்பிள் சாறும் கொடுத்தோம். பேதி மருந்துப் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலந்து, மாலையில் பாதி, விடியற்காலையில் மீதி. உப்புக் கரிக்கும், குளிரவைத்துக் கொடுத்தால் இறங்குகிறது. மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பில் இரவு மோட்டார் போட மாட்டார்கள், அதனால் குளியலறையில் வாளிகளை நிரப்பி வைத்தேன். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, நீங்கள் மறக்காதீர்கள். கடைசியில் தெளிந்த மஞ்சள் நீராகப் போனால் குடல் சுத்தம்.

பரிசோதனை அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஊசி போட்டு இடப்பக்கமாகப் படுக்க வைத்ததுதான் அப்பாவுக்கு நினைவு. எழுந்ததும் "எப்போது ஆரம்பிப்பார்கள்?" என்று கேட்டார். வயிறு உப்பி, காற்றுப் பிரிந்ததும் சரியாகிவிட்டது. மயக்க மருந்து கொடுத்திருப்பதால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஆள் கட்டாயம் வேண்டும்.

மருத்துவர் படத்தைக் காட்டினார். இளஞ்சிவப்புச் சுவரில் காம்போடு ஒரு பாலிப், அதாவது குடல் சுவரில் முளைத்த சதை வளர்ச்சி, நாய்க்குடை போல நின்றது. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அதே குழாய் வழியாகக் கம்பிச் சுருக்கைப் போட்டு அறுத்து எடுத்துவிட்டார்கள். விட்டிருந்தால் ஆண்டுகள் போகப் போகப் புற்றுநோயாக மாறக்கூடிய வகை என்று திசுப் பரிசோதனை சொன்னது. மூலமும் இருந்தது, அதற்கு மருந்து தந்தார்கள். துத்திக்கீரையோடு நின்றிருந்தால் இந்தப் பாலிப் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அப்பாவை மூன்று ஆண்டு கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். பெற்ற பிள்ளைகளும் 40 வயதில் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். எனக்கு 43, அக்காவுக்கு 46. இருவரும் தேதி வாங்கிவிட்டோம்.