பிளாஸ்டிக் பெடலை அலுமினியப் பெட்டிக்கு மாற்றிய அனுபவங்கள்

டியூப் ஸ்கிரீமர் வகை ஓவர்டிரைவ் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் கால் பெடல்) ஒன்று என்னிடம் இருக்கிறது. சத்தத்தில் குறை சொல்ல முடியாது, உடம்புதான் பிளாஸ்டிக். மேடையில் ஷூ காலால் மிதி வாங்கும் பொருள், எத்தனை நாள் தாங்கும்? மிதிப்பலகையின் கீல் விட்டுப்போனதும் சர்க்யூட் போர்டை மட்டும் எடுத்து 125பி அளவு அலுமினியப் பெட்டிக்கு மாற்றினேன். எப்படியும் திறந்தாச்சே என்று உள்ளேயும் கொஞ்சம் கை வைத்தேன்.

முதலில் சுவிட்ச். பெட்டி மாற்றுகிற எல்லோரும் ஒன்பது கால் 3பிடிடி சுவிட்சைப் போட்டு ட்ரூ பைபாஸ் (பெடல் அணைந்திருக்கும்போது சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் நேரே போவது) ஆக்கிவிடத் துடிக்கிறார்கள். இந்த வகைப் பெடலில் அதற்கு அவசியமே இல்லை. மிதிப்பலகைக்கு அடியில் இருப்பது அமுக்கினால் தொட்டு, விட்டால் விலகும் சின்ன சுவிட்ச். அது போர்டில் உள்ள, ஒவ்வொரு தட்டலுக்கும் ஆன்-ஆஃப் மாறும் ஃபிளிப்ஃபிளாப் சர்க்யூட்டைத் தட்டிவிடுகிறது. சிக்னலைத் திருப்பிவிடும் வேலையை எஃப்இடி டிரான்சிஸ்டர்கள் பார்த்துக்கொள்கின்றன. அந்தச் சின்ன சுவிட்சின் இரண்டு புள்ளிகளிலிருந்து இரண்டு வயர் இழுத்து, அதே மாதிரி அமுக்கி விடும் ஃபுட்சுவிட்ச் ஒன்றை வைத்தால் வேலை முடிந்தது. கூடவே சிக்னலை வலுவாகத் தள்ளும் பஃபரும் நம்மிடமே தங்குகிறது. கேபிள் நீளமாக ஓடுகிற இடத்தில் வரிசை முழுக்க ட்ரூ பைபாஸாக இருந்தால் மேல் ஸ்தாயி மங்கிப்போகும் என்பதை ஏனோ யாரும் பேசுவதில்லை.

அதிக நேரம் தின்றது பாட்கள்தான், அதாவது குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்கள். மூன்றும் போர்டிலேயே சால்டர் ஆகியிருந்தன. ஈயமில்லாத சால்டர் உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். வெறும் சூட்டை ஏற்றி இழுத்தால் செம்புத் தடம் போர்டிலிருந்து உரிந்து கையோடு வந்துவிடும். அதனால் ஒவ்வொரு காலிலும் கொஞ்சம் 63/37 ஈயம் சேர்த்துக் கலந்துவிட்டேன். அது 183 டிகிரியிலேயே உருகும். கலவை இளகி, உறிஞ்சு குழலில் சுலபமாக வந்தது. பாட்களைத் தூக்கிப் போடவில்லை, வயர் நீட்டி அவற்றையே மறுபடி வைத்தேன். குறிப்பாக டோன் பாட். அது 20கே (20 கிலோ ஓம்), ஆனால் அதன் டேப்பர் (திருகத் திருக மதிப்பு மாறும் விதம்) வழக்கமான ஏ, பி வகைகளில் சேராது. சீராக மாறும் லீனியர் போட்டால் வேலை செய்யும், மாற்றம் முழுக்க இரண்டு ஓரங்களில் போய்க் குவிந்துவிடும்.

உள்ளே செய்தவற்றில் காதுக்கு நிஜமாகத் தெரிந்தது ஒரு கெப்பாசிட்டர்தான். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு சேர்ந்திருக்கும் 0.047 மைக்ரோஃபாரட். அந்த ஜோடிதான் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயினை, அதாவது சிக்னல் பெருகும் அளவை, குறைத்துக்கொண்டே போகிறது. 0.1 வைத்தால் அந்த எல்லை 340க்குப் பக்கத்தில் இறங்கும். கீழ்க் கம்பிகளுக்கு உடம்பு வந்தது. அதே சமயம் கெயினை ஏற்றினால் கொஞ்சம் குழைகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவுட்புட் ரெசிஸ்டர்களை பழைய டியூப் ஸ்கிரீமர் 808 மாடலின் மதிப்புக்கு, அதாவது 470 ஓமுக்குப் பதில் 100, 100கேவுக்குப் பதில் 10கே என்று மாற்றியும் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஐசி சிப்புக்கு சாக்கெட் வைத்து ஜேஆர்சி4558டியையும் வேறு ஐசிக்களையும் மாற்றி மாற்றிப் போட்டபோதும் வால்யூமைச் சமமாக வைத்ததும் எதுவும் பிடிபடவில்லை. "சிப்பில்தான் சூட்சுமம்" என்று நம்புகிறவர்களோடு சண்டைக்கு வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

ஹம் இரைச்சல் அலுமினியப் பெட்டிக்கு வந்ததும் முன்னைவிடக் குறைந்தது. பெட்டி சர்க்யூட்டின் கிரவுண்டோடு (பொது நெகட்டிவோடு) சேர்ந்தால்தான் அது நடக்கும். பெயின்ட் அடித்த பெட்டியானால் இன்புட் ஜாக் உட்காரும் துளையைச் சுற்றி உள்பக்கம் சுரண்டி, உலோகம் உலோகத்தைத் தொடுகிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

* * *

கிரவுண்ட் என்றதும் நினைவு வந்தது. யாரோ பெட்டி மாற்றிய ஒரு டிஸ்டார்ஷன் பெடல் செகண்ட்ஹேண்டில் என் கைக்கு வந்தது. போர்டை வெளியே எடுத்து மேசையில் போட்டு வாசித்தால் அருமையாகப் பாடும். உள்ளே வைத்துத் திருகினால் செத்துப்போகும். அது மட்டுமா, ஒரே அடாப்டரில் சங்கிலியாகக் கோத்திருந்த மற்ற பெடல்களும் சேர்ந்து அணைந்துவிடும்!

போர்டு எங்காவது மூடியைத் தொடுகிறதோ என்று டேப் ஒட்டிப் பார்த்தேன், பலனில்லை. கடைசியில் பார்த்தால் பவர் ஜாக். பெடல் அடாப்டர்களில் நடு முள் நெகட்டிவ், வெளி வளையம்தான் 9 வோல்ட் பாசிட்டிவ். அதை அறியாமல் முழு உலோக ஜாக்கை மாட்டியிருந்தார் புண்ணியவான். நட்டை இறுக்கியதுமே பாசிட்டிவ் நேராகப் பெட்டிக்கு, பெட்டியோ கிரவுண்ட். சுத்தமான ஷார்ட். நல்ல வேளை, அடாப்டர் தானாகக் கட் ஆகித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. 12 மி.மீ. பிளாஸ்டிக் ஜாக் ஒன்று போட்டதும் சரியாகிவிட்டது.

* * *

ஃபஸ் பெடலைச் சின்ன 1590ஏ பெட்டியில் திணிக்க நினைப்பவர்களுக்கு: இடம் போதும், ஆனால் விசில் வரும். எனக்கு கெயினை முக்காலுக்கு மேல் ஏற்றினால் கிட்டாரைத் தொடாமலேயே கீச்சென்று கத்தியது. மூடியைத் திறந்து ஒரு மரக்குச்சியால் வயர்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். இன்புட் வயரை அவுட்புட் வயரிடமிருந்து பிரித்துப் பிடித்ததும் கப்சிப். அவ்வளவு கெயினுக்கு நடுவில் இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஓடினால், போனது திரும்பி உள்ளே வரத்தானே செய்யும்? இன்புட்டுக்கு ஷீல்டு வயர் போட்டு, அதைச் சுற்றியிருக்கும் உலோக வலையை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டில் சேர்த்தேன், அதோடு போச்சு.

* * *

பேட்டரி போடுகிறவர்கள் இன்புட் ஜாக்கையும் கவனியுங்கள். பழைய பெடலில் அது ஸ்டீரியோ ஜாக்காக இருக்கும். சிக்னல் ஸ்டீரியோ என்பதால் அல்ல. மோனோ பிளக்கைச் செருகும்போது ஜாக்கின் வளைய முனையும் உடல் முனையும் சேர்ந்து பேட்டரியின் நெகட்டிவை இணைக்கும், அதற்காக. மோனோ ஜாக் வைத்து நெகட்டிவை நேரே கிரவுண்டில் சேர்த்துவிட்டால், பிளக்கைக் கழற்றினாலும் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

அப்புறம், 3பிடிடி போட்டே தீருவேன் என்பவர்கள் ஒரே மூச்சில் ஒன்பது காலையும் சூடாக்கிவிடாதீர்கள். அடிப்பக்க பிளாஸ்டிக் இளகினால் உள்ளே தகடு சாய்ந்துவிடும். ஒரு மூலை, எதிர் மூலை என்று ஆறவிட்டுச் செய்யுங்கள். மிதிக்கும்போது 'டப்' என்று அடித்தால் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும்.